செல் நுண்ணுறுப்புகளைக் கற்பிக்க உதவி தேவை: ஏற்காட்டிலிருந்து

ஆசிரிய நண்பர்களுக்கு வணக்கம். ஏற்காட்டில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குச் செல்லின் அமைப்பைக் கற்பித்து வருகிறேன். வெங்காயத் தோலை அயோடின் கரைசலில் சாயமேற்றி, 400 மடங்கு பெரிதாக்கும் பள்ளி நுண்ணோக்கியில் காட்டும்போது செல் சுவரும் உட்கருவும் நன்றாகவே தெரிகின்றன. காப்பி இலையின் அடிப்புறத்தில் நகப்பூச்சைத் தடவி, காய்ந்ததும் உரித்தெடுத்து இலைத்துளைகளையும் காட்டிவிடலாம். ஆனால் அது வெறும் அச்சு என்பதால் செல்லின் உள்ளே இருப்பது எதுவும் அதில் தெரியாது.

சிக்கல் அதற்குப் பிறகுதான். புரதங்களை உருவாக்கும் நுண்ணுறுப்பான ரைபோசோம் ஏறத்தாழ 20 முதல் 30 நானோமீட்டர் அளவே உடையது என்பதால் எங்கள் கருவியில் அதைக் காண வழியில்லை. மைட்டோகாண்ட்ரியாவை "ஆற்றல் மையம்" என்று மாணவர்கள் தேர்வில் தவறாமல் எழுதுகிறார்கள், ஆனால் குளுக்கோஸிலுள்ள ஆற்றல் அங்கே செல் நேரடியாகப் பயன்படுத்தும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியாக மாறுகிறது என்பதும், தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா ஏன் மிகுதியாக உள்ளது என்பதும் அவர்களுக்குப் பிடிபடவில்லை. செல்லைத் தொழிற்சாலையாக வருணிக்கும் வழக்கமான பாடம் மனப்பாடத்தையே வளர்க்கிறது என்பது என் கருத்து.

நுண்ணுறுப்புகளின் பணிகளைச் சோதனை வழியே உணர்த்தும் எளிய செயல்பாடுகள் தெரிந்தால் பகிருங்கள். பசுங்கணிகங்களின் நகர்வைக் காட்ட வேலம்பாசி (ஹைட்ரில்லா) என்னும் நீர்த்தாவரமும், உப்புக் கரைசலில் செல்லின் உள்ளடக்கம் சுருங்குவதைக் காட்ட ரோயோ என்னும் அழகுச் செடியின் இலையும் வேண்டும். சேலம் சுற்றுவட்டாரத்தில் இவற்றை வளர்ப்பவர்கள் சிறிதளவு கொடுத்து உதவினால், நேரில் வந்து பெற்றுக்கொள்கிறேன்.