பேய் பேசுவது கேட்கவில்லை, இடி மட்டும் கேட்கிறது

தொட்டில் கூடத்துக்கு வந்த ஒரு மாதமாக இரவில் திகில் படம் பார்க்க முடியவில்லை. நேற்று ‘பிரமயுகம்’ (2024). கறுப்பு வெள்ளையில் மம்மூட்டியின் முகமே போதும், குலை நடுங்குகிறது. ஆனால் அவர் முணுமுணுப்பது காதில் விழவில்லை. ஒலியை 40க்குக் கூட்டினேன். அடுத்த நொடி இடி இடித்தது, குழந்தை வீறிட்டு எழுந்தது. ‘ராட்சசன்’ பார்த்தபோதும் இதே கூத்துதான்.

43 அங்குல டிவி, வாங்கி 4 ஆண்டுகள், தனி ஸ்பீக்கர் கிடையாது. ஓடிடி படங்களில் மட்டுமே இப்படி. செய்திச் சேனல்கள் தேவைக்கு மேலேயே கேட்கின்றன. இரவு ஒலி முறை, ஆறு ஸ்பீக்கர்களுக்கான 5.1 ஒலியை இரண்டுக்கான ஸ்டீரியோவாக மாற்றுவது எல்லாம் செய்தாயிற்று. சப்டைட்டில் போட்டால், கதவு திறக்கும் முன்பே ‘கிறீச்’ என்று எழுத்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஹெட்ஃபோனில் தெளிவாக இருக்கிறது, ஆனால் பார்ப்பது இருவர்.

வசனத்துக்கென நடுவில் தனி ஸ்பீக்கர் உள்ள 3.1 சவுண்ட்பார் வாங்கினால், குறைந்த ஒலியிலேயே பேச்சு தெளிவாகக் கேட்குமா?