பிறேக் ப்ளீடிங்குக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

ரொறன்ரோவிலிருந்து

எல்லாருக்கும் வணக்கம், ஒரு அவசரம். சனிக்கிழமைகளில எங்கட கராஜில நாலைஞ்சு பேர் சேர்ந்து சொந்தமா கார் திருத்தப் பழகிறம், அதுக்குத் தமிழில இருபது பக்கத்தில ஒரு கையேடு எழுதிறன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கவேணும். பாடத்துக்கு வைச்சிருக்கிறது என்ர 1990 மாஸ்டா மியாட்டா, 1.6 எஞ்சின், முன்லைட் தவளைக் கண் மாதிரி எழும்பி நிக்கிற மொடல். பிள்ளையளை விட அதில பாசம் எண்டு மனிசி சொல்லுவா, நான் மறுத்துக் கதைக்கிறேல்லை.

போன மாசம் முன் பிறேக் டிஸ்க்கை மாத்தினன். பழசு 235 மில்லிமீற்றர், பிறகு வந்த 1.8 காரின்ர 255 டிஸ்க்கையும் பிராக்கற்றையும் வாங்கிப் போட்டு, ரப்பர் ஹோசுக்குப் பதிலா உருக்கு வலை பின்னின ஹோசும் பூட்டினன். ஹோசைக் கழட்டினா காத்து உள்ளுக்குப் போகும், உள்ளுக்குப் போனா பிறேக் மிதி பஞ்சு மாதிரி அமரும், அந்தக் காத்தை வெளியில எடுக்கவேணும். இந்த வேலைக்குத்தான் சொல் வேணும். கணினி மொழிபெயர்ப்பில போட்டுப் பார்த்தன், "பிரேக் இரத்தப்போக்கு" எண்டு வந்துது. காரைப் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டுபோறது?

பகிடி இல்லை, சொல் சரியில்லாட்டி வேலை பிழைக்கும். மனிசியை உள்ளுக்கு இருத்திப்போட்டு நான் வலப்பக்கப் பின்சில்லுக்குக் கீழ படுத்திருந்தன் (இங்க இடப்பக்க ஸ்டியரிங், மிதியை அமத்தேக்க பிறேக் திரவத்தைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்கு ஆகத் தூரமான சில்லு அதுதான், அதில துவங்கவேணும்). "அமத்து" எண்டன், அமத்தினா. "பிடி" எண்டன், பிடிச்சா. நிப்பிளை, அதுதான் காத்து வெளியில போற சின்னத் திருகை, திறந்தன், குழாயில குமிழ் குமிழா வருது, நல்ல சந்தோசத்தில "விடு விடு" எண்டன், இன்னும் வரட்டும் எண்ட கருத்தில. அவ காலை விட்டிட்டா. நிப்பிள் திறந்தபடி மிதி மேல வந்தா வெளியில போன காத்து முழுக்கத் திரும்பி உள்ளுக்கு. முதலில இருந்து துவங்கினம், பேச்சு வாங்கினது வேற.

கோயமுத்தூர்லேர்ந்து

அண்ணா வணக்கமுங்க. இதுக்கு எதுக்குங்க புதுச் சொல்லு, எங்க ஒர்க்‌ஷாப்ல அம்பாசடர் காலத்துல இருந்தே "ஏர் எடுக்கறது"தான். "பிரேக்ல ஏர் புடிச்சிருக்கு, ஏர் எடுத்துருப்பா"ன்னா எட்டாவது படிச்ச பையனுக்கும் புரியும். தமிழ்ல வேணும்னா காற்று எடுத்தல்னு போட்டுட்டுப் போங்க. அப்புறம் "விடு"ங்கற வார்த்தையவே கராஜுக்குள்ள தடை பண்ணிருங்க, நாங்க "மிதி, புடிச்சுக்கோ"ன்னு மட்டும்தான் சொல்லுவோம், நிப்பிள மூடினதுக்கப்புறம் "ம்"னு ஒரு சத்தம், அவ்ளோதான். உங்க ஊர்ல ரோட்டுல உப்புப் போடுவாங்களாமா, நிப்பிள் துருப்புடிச்சு இருக்கும், முந்துன நாளே துரு எண்ணெய் அடிச்சு ஊற வையுங்க, இல்லீனா முறிஞ்சு கையோட வந்துரும்.

தஞ்சாவூரிலிருந்து

அன்பர்களே, "ஏர் எடுத்தல்" என்றால் எங்கள் ஊரில் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போவது என்று பொருள். காற்று என்பதும் இங்கே அவ்வளவு பொருந்தாது. வளி இருக்க வேறு சொல் எதற்கு? "வளிவழங்கும் மல்லன்மா ஞாலங் கரி" என்று குறளே சொல்கிறது. அதே நூலில் மருந்து அதிகாரத்தில் "வளிமுதலா எண்ணிய மூன்று" மிகினும் குறையினும் நோய் என்கிறார். நண்பரின் வண்டிக்கு வந்திருப்பது வளி மிகுந்த நோய்தானே? எனவே வளிபோக்கல். புறநானூறு 66-இல் வெண்ணிக் குயத்தியார் "வளிதொழில் ஆண்ட உரவோன்" என்று கரிகாலனின் முன்னோனைப் பாடுகிறார், காற்றையே வேலை வாங்கியவன்! அந்த வெண்ணி இன்றைய கோவில்வெண்ணி, நீடாமங்கலம் பக்கம், நான் பேருந்தில் பலமுறை கடந்து போன ஊர். கரிகாலன் வென்ற வெண்ணிப் போரும் அங்கேதான், வெண்ணிப் பறந்தலை என்பார்கள், பறந்தலை என்றால் பாழ்நிலம், போர்க்களம். இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

சிங்கப்பூர்லேர்ந்து

ஐயா, வெண்ணிய தனி இழையில வச்சுக்கலாம், ப்ளீஸ் :)

எனக்கு "வடித்தல்" புடிச்சிருக்கு. சோத்துல கஞ்சி வடிக்கிறோம்ல, வேண்டாதது வெளிய போகும் வேண்டியது உள்ள நிக்கும். நிப்பிளுக்குக் "காம்பு"ன்னு வச்சா "வடிகாம்பு"ன்னு சோக்கா ஒரு வினைத்தொகை கெடைக்குது. மாஸ்டர் சிலிண்டர் தலைமை உருளை, கிளட்ச்ல இருக்கிற ஸ்லேவ் சிலிண்டருக்குத் தயவுசெஞ்சு அடிமை உருளைன்னு மட்டும் போடாதீங்க, ஏவல் உருளைன்னு போடலாம்.

தஞ்சாவூரிலிருந்து

வினைத்தொகையா? விரித்துப் பாருங்கள்: வடிந்த காம்பு, வடிகின்ற காம்பு, வடியும் காம்பு. மூன்று காலத்திலும் ஒழுகுகிறது! வடிதல் தன்வினை, வடித்தல் பிறவினை. பழுதுபட்ட காம்புக்கு அல்லவா நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள்?

சிங்கப்பூர்லேர்ந்து

ஐயா, வடிதட்டு? வடிக்கிற தட்டுதானே அது? உங்க வீட்டு அடுப்படியில இருக்கும், போய் ஒரு எட்டு பாருங்க.

தஞ்சாவூரிலிருந்து

பார்த்தேன். இருக்கிறது. வடிகாம்பை ஏற்கிறேன். ஆனால் சோறு வடித்தலில் வடிவது கஞ்சி, காற்று அன்று. காற்று எங்காவது வடியுமா?

கோயமுத்தூர்லேர்ந்து

ஐயா சொல்றதுல ஒரு விசயம் இருக்குங்க, நேத்து நானே யோசிச்சேன். உள்ள போறது காத்து மட்டும் இல்லீங்க. பிரேக் ஆயில் ஈரத்த இழுக்கும், டாட் 3ங்கற ரகம் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காம தாங்கணும், தண்ணி சேர்ந்துதுன்னா 140-க்கு வந்துரும், டாட் 4 230-லேர்ந்து 155-க்கு. எறக்கத்துல பிரேக்க அமுக்கிட்டே வந்தீங்கன்னா சூட்டுல உள்ளயே கொதிச்சு ஆவி ஆயிரும், காத்து இருந்தா எப்புடியோ அதே மாதிரி மிதி உள்ள போயிரும். அந்த ஆவியக் காத்துன்னு சொல்ல முடியாது, வளின்னா ரெண்டும் அடங்குது. ஆனாப் படிக்கறவனுக்குப் புரியணுமில்லீங்க, அதனால என்ற ஓட்டு இன்னும் காத்துக்குத்தான்.

இன்னொண்ணு, நாம எல்லாரும் ஆயில் ஆயில்னு சொல்றோம், அது ஆயிலே இல்லீங்க. புத்தகத்துல தடுப்பு எண்ணெய்னு போட்டீங்க, எவனாச்சும் வீட்டுல கெடந்த எஞ்சின் ஆயில ஊத்தினான்னா ரப்பர் சீலெல்லாம் ஊதி மொத்த பிரேக்கும் காலி. பாய்மம்னோ திரவம்னோ போடுங்க, எண்ணெய் வேண்டாம். கார்ப் பெயின்ட்ல அது சிந்துனா உடனே தண்ணி ஊத்திக் கழுவச் சொல்லியும் எழுதுங்க, உரிஞ்சு வந்துரும்.

தஞ்சாவூரிலிருந்து

கோவைத் தம்பி எனக்குச் சான்றும் தந்துவிட்டு வாக்கை எதிர்த்தரப்புக்குப் போடுகிறார். இருக்கட்டும். அப்படியே பிரேக்கையும் விட்டுவிட்டோமே! "வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று வடசொல்லுக்கே தொல்காப்பியர் விதி வைத்தார், நாம் ஆங்கிலச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் வடித்தலை ஒட்டுப்போடுகிறோம். தடுப்பி என்றால் என்ன குறை?

ரொறன்ரோவிலிருந்து

ஐயா, அந்தச் சூத்திரமே "எழுத்தொடு புணர்ந்த சொல்லாகும்மே" எண்டுதானே முடியுது, தமிழ் எழுத்தில எழுதினா உள்ளுக்கு வரலாம் எண்டுதானே கருத்து. நான் றகரம் போட்டுப் பிறேக் எண்டு எழுதிறன், தம்பி ரகரம் போடுறார், ரெண்டும் தமிழ் எழுத்துத்தான். தடுப்பி எண்டா என்ர வகுப்பில இருக்கிற எழுபது வயசு மாமா தடுப்பூசியோ எண்டு கேப்பார்.

இண்டைக்குப் புதன், அச்சுக்காரர் ரெண்டு தரம் போன் எடுத்திட்டார். இதுவரைக்கும் வந்ததைச் சேர்த்து இப்பிடி எழுதியிருக்கிறன், பாருங்கோ:

"பிறேக் காற்று வடித்தல் (வேலைத்தலங்களில் ஏர் எடுத்தல் என்பர்). மிதியை அமத்திப் பிடித்திருக்கும்போது வடிகாம்பைக் கால் சுற்றுத் திறக்கவும். குமிழும் திரவமும் வெளிவரும். காம்பை இறுக்கி மூடிய பின்பே மிதியிலிருந்து கால் எடுக்கவும். தாங்கியில் திரவம் குறையவிடக்கூடாது. குமிழ் நிற்கும்வரை திரும்பச் செய்யவும்."

"விடு" எண்ட சொல் அதில ஒரு இடத்திலயும் இல்லை, பாத்தனீங்களோ?

சிங்கப்பூர்லேர்ந்து

எனக்கு ஓகே. குறைய"விட"க்கூடாதுல ஒண்ணு ஒளிஞ்சிருக்கு அண்ணே :)

கோயமுத்தூர்லேர்ந்து

சரிங்க, போட்டுருங்க. "அமத்தி"ன்னா எங்கூருப் பசங்களுக்குக் கொஞ்சம் யோசிக்கோணும், பரவால்ல, உங்க ஊர் புத்தகம்.

தஞ்சாவூரிலிருந்து

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. ஆவியும் சேர்ந்தது வளி என்று தம்பியே ஒப்புக்கொண்ட பிறகு காற்று என்று அச்சிடுவது அறிந்தே செய்யும் பிழை. புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என் பிரதியில் பேனாவால் அடித்து வளிபோக்கல் என்று எழுதிக்கொள்கிறேன்.

ரொறன்ரோவிலிருந்து

கட்டாயம் அனுப்புறன் ஐயா, விலாசத்தைத் தனிமடலில போடுங்கோ. வர்ற சனி கிளட்ச், ஏவல் உருளை ஒழுகுது. ஓரத்தில கொஞ்சம் வெள்ளை இடம் கூட வைக்கச் சொல்லியிருக்கிறன், உங்கட பேனைக்கு.