தாது வருஷத்தில் நேட்டாலுக்குக் கப்பலேறினாரா? சரிபார்க்க வழி வேண்டும்

வேர்தேடி:
ஒரு குடும்பத்தில் வழங்கும் செய்தி: கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் முனுசாமி, தாது வருஷப் பஞ்சத்தில் சென்னையில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனார். ஊர் சித்தூர் ஜில்லா. தகப்பனார் பெயர் தெரியும். பிரபவ வருஷம் என்று போட்ட அவருடைய ஜாதகத் துண்டு ஒன்று இருக்கிறது. எங்கே தொடங்கலாம்?

பஞ்சாங்கம்:
கணக்கிலிருந்து தொடங்குங்கள். பிரபவ 1867-68, தாது 1876-77. அப்படியானால் கப்பலேறும்போது அவருக்கு 9 வயது. முந்தைய பிரபவ 1807-ல் வருகிறது. அதை எடுத்தால் 69 வயதுக் கிழவர். ஆக, பெற்றோரோடு போன பிள்ளையாக இருக்கலாம், ஜாதகம் வேறொருவருடையதாக இருக்கலாம், அல்லது போனது பின்னாளில். மூன்றாவதைத்தான் முதலில் சோதிப்பேன். பஞ்சத்தை ஒட்டி நடந்ததையெல்லாம் 'தாது வருஷம்' என்று சொல்வது வழக்கம்.

சித்தூர் தனி ஜில்லா ஆனது 1911-ல். அதற்கு முன் பெரும்பகுதி வட ஆற்காடு. கப்பலில் போனவர்களின் பட்டியலில் 'சித்தூர் ஜில்லா' என்று தேடினால் ஒன்றும் அகப்படாது.

கப்பல்பட்டியல்:
நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகள் போனது 1860 முதல் 1911 வரை. 1866-லிருந்து 1874 வரை நிறுத்தம். யாராவது 1870 என்று சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். மொத்தம் 1,52,184 பேர், பெரும்பாலோர் சென்னைத் துறைமுகம் வழியாக. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் கப்பல் பட்டியலைத் தொகுத்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் காலனி எண் (ஆளுக்கொன்றாகக் கொடுத்த பதிவு எண்), பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், அங்க அடையாளம் உண்டு.

எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதால் முனுசாமி மூன்சாமியாகவோ முனிசாமியாகவோ இருப்பார். பெயரை விட்டுவிட்டுத் தாலுகாவையும் கிராமத்தையும் வைத்துத் தேடுவது மேல். சாதிக் கட்டத்தில் 'மலபார்' என்றிருந்தால் கேரளத்துக்கு ஓடாதீர்கள். அக்கால ஆங்கிலேயர் தமிழரை அப்படித்தான் அழைத்தார்கள்.

பட்டியலில் இல்லை என்பதாலேயே கதை பொய்யாகிவிடாது. சொந்தக் காசில் டிக்கெட் வாங்கிப் போனவர்கள் இதில் வரமாட்டார்கள்.

வேர்தேடி:
வட ஆற்காட்டில் மூன்று முனுசாமிகள் கிடைக்கிறார்கள். ஒருவர் 1889-ல், வயது 22. பிரபவக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இவர்தானே?

கப்பல்பட்டியல்:
அவசரம் வேண்டாம். வயது உத்தேசம்தான், ஐந்து வருஷம் முன்பின் இருக்கும். முனுசாமி என்ற பெயருக்கும் அந்தப் பக்கம் பஞ்சமில்லை. தகப்பன் பெயரும் கிராமமும் இரண்டும் பொருந்தினால்தான் மேலே போகலாம். பொருந்தினால் காலனி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் பல காகிதங்களில் ஆளை அடையாளம் காட்டுவது அதுதான். அங்கே இறந்து சொத்துக் கோப்பு திறந்திருந்தால், நேட்டாலில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இறப்பு அறிவிப்பு இருக்கக்கூடும். பெற்றோர், மனைவி, மக்கள் பெயர்களைக் கேட்கும் படிவம் அது.

பத்திரஎழுத்தர்:
ஊர்ப் பக்கம் விட்டுப்போயிற்று. குடும்பத்துக்கு நிலம் இருந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் அட்டவணையை வைத்துத் தேட மனுக் கொடுங்கள். வில்லங்கச் சான்று சொத்தை வைத்துப் போடுவது. சர்வே எண் தெரியாதபோது பயன்படாது. நிலப் பத்திரங்கள் பதிவாகும் 1-ம் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். உயில் இருக்கும் 3-ம் புத்தகம் அப்படியில்லை.

தேட வேண்டியது பாகப்பிரிவினைப் பத்திரம். 'இன்னார் குமாரர் இன்னார்' என்று அண்ணன் தம்பிகள் வரிசையாக வருவார்கள். 1889-க்குப் பின் எழுதிய பாகத்தில் முனுசாமி தானே கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தால், கப்பலில் போனவர் வேறு முனுசாமியாக இருக்கலாம், அல்லது இவர் திரும்பி வந்திருக்க வேண்டும். அவர் பங்கை வேறொருவர் அவர் சார்பில், அதிகாரப் பத்திரத்தின் (பவர் பத்திரம்) பேரில் வாங்கியிருந்தால், அந்தப் பத்திரத்தின் நகலுக்கும் சேர்த்தே மனுப் போடுங்கள். எங்கிருந்து எழுதிக் கொடுத்தார் என்பது அதில் இருக்கும்.