புதுப்பிப்பு: கைப்பொம்மையின் வாய் பேச்சோடு ஒட்டாதது சரியாகிவிட்டது

கோபிச்செட்டிபாளையத்தில் பிள்ளைகளுக்காக எடுக்கும் எழுத்துப்பாடக் காட்சியில், பொம்மை பேசும்போது தலை மேலே துள்ளுது, வாய் வசனத்தோடு ஒட்டலைன்னு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

பலித்தது கட்டைவிரல் யோசனைதான். மேலே இருக்கும் நான்கு விரலையும் அசைக்காமல், கட்டைவிரலை மட்டும் கீழே இறக்கணும். சொல்லின் ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் (சிலபிள்) வாய் ஒரு திறப்பு: யா-னை இரண்டு, ஒட்-ட-கம் மூன்று. ‘ம்’ வரும்போது வாய் கண்டிப்பாக மூடணும். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் உதட்டைச் சேர்க்கிறார்கள்.

பொம்மையின் வாய்க்குள் வைக்கும் அட்டையும் ஒரு காரணம். ஒரே அட்டையை மடித்தால் மடிப்பு சீக்கிரம் தொய்ந்துவிடும். இரண்டாக வெட்டி, 3 மி.மீ. இடைவெளி விட்டு, கேன்வாஸ் துணியால் இணைத்தேன். கட்டைவிரல் நழுவாமல் இருக்க, திருப்பூர் பனியன் கட்பீஸில் 2 செ.மீ. பட்டை. செருப்பு ஒட்டும் வகை ரப்பர் பசையை இருபுறமும் தடவி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்க்கணும். ஈரத்தில் சேர்த்தால் வழுக்கி விலகும்.

எதிர்பாராதது ஒன்று: கேமராவில் பதிவாகும் படம் தெரியும் மானிட்டரைப் பார்த்து ஆட்டினால் இடம் வலமாகத் தெரியும், பொம்மை எழுத்தட்டைக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். கண்ணாடி போலத் திருப்பி வைத்தால் எழுத்தும் திரும்பிவிடும், அது வேண்டாம். 1969-இல் தொடங்கிய ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற அமெரிக்கச் சிறுவர் டிவி நிகழ்ச்சியின் பொம்மைக் கலைஞர்களும் திருப்பாத படத்தைப் பார்த்துத்தான் ஆட்டுகிறார்கள். பழகத்தான் வேணுமுங்க.