பழைய வீடு வாங்குகிறோம்: குழாய்களை எப்படிச் சோதிப்பது?

வணக்கம். சென்னை தாம்பரத்தை ஒட்டிய சேலையூரில் 1994-இல் கட்டிய தனிவீடு ஒன்றுக்கு விலை பேசியிருக்கிறோம். பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வழக்கறிஞர் பார்த்துவிட்டார். என் கவலையெல்லாம் குழாய்கள்தான்.

சுவருக்குள் இருப்பவை பழைய ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். இவை உள்ளேயே துருப்பிடிக்கும்; ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் ஓடினால் உப்பும் படிந்து துளையே சுருங்கிவிடும். மாடிக் குளியலறையில் இரண்டு குழாய்களைச் சேர்த்துத் திறந்தபோது தண்ணீர் நூலாகத்தான் வந்தது. ஆனால் மேல்நிலைத் தொட்டியும் அங்கிருந்து சில அடி உயரத்தில்தான் இருக்கிறது. குறை உயரத்தாலா, அடைப்பாலா என்பதை எப்படிப் பிரித்தறிவது?

தொட்டியை நிரப்பி, மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் ஃப்ளஷ் தொட்டி வால்வுகளையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்துவைத்து மறுநாள் காலையில் பார்க்க வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார். மட்டம் இறங்கினால் எங்கோ கசிவு என்று தெரிந்துவிடும். கழிவுநீர்க் குழாய்களை இது காட்டாதே! குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவருக்கு மட்டும் புதிதாகப் பெயின்ட் அடித்திருப்பது எனக்கு உறுத்துகிறது. அங்கே ஈரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஜி.ஐ. குழாயை மாற்றி சி.பி.வி.சி. என்ற சூடு தாங்கும் பிளாஸ்டிக் குழாய் போட்டவர்கள் இருந்தால், சுவரை உடைத்தீர்களா, வெளிப்புறமாகவே கொண்டுபோனீர்களா, என்ன செலவானது என்று சொல்லுங்கள். அதை வைத்துத்தான் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டும். தாம்பரம் பக்கம் கட்டணம் வாங்கிக்கொண்டு நேர்மையாகப் பார்த்துச் சொல்லும் பிளம்பர் இருந்தாலும் தெரிவியுங்கள். ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுக்க வேண்டும்; அதற்குள் பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.