முட்டி ஆபரேஷன், பென்சிலின் அலர்ஜி: எந்த ஆன்டிபயாடிக்?

மக்களே, அம்மாவுக்கு 67 வயசு, அடுத்த வாரம் வலது முட்டி ரீப்ளேஸ்மென்ட். பழைய ஃபைல்ல சிவப்பு இங்க்ல 'பென்சிலின் அலர்ஜி'ன்னு யாரோ எழுதி வச்சிருக்காங்க, கேட்டா சின்ன வயசுல ஊசி போட்டு கை தடிச்சு அரிச்சுதாம், அவ்ளோதான், மூச்சுத்திணறல்லாம் இல்லையாம். அதை பாத்துட்டு ஆஸ்பத்திரில, ஆபரேஷன்ல கிருமி தொத்தாம இருக்க போடற ஆன்டிபயாடிக்ல, பென்சிலினுக்கு சொந்தமான செஃபாசோலின் வேணாம், வேற வகையான வான்கோமைசின் போட்டுக்கலாம்ங்கறாங்க. ஆனா செஃபாசோலினோட சைட் செயினே (அலர்ஜியை தூண்டற மூலக்கூறு பகுதி) வேற, பென்சிலின் ஆகாதவங்களுக்கும் அது ஒத்துக்காம போறது ரொம்ப அபூர்வம்னு படிச்சேன், வான்கோமைசின்னா ஒரு மணி நேரமாவது ட்ரிப்ஸ்ல மெதுவா ஏத்தணும், அம்மாவுக்கு கிட்னி வேற கொஞ்சம் வீக்கு, வான்கோமைசின் அதை பாதிச்சுடுமோன்னு பயம். ஆபரேஷனுக்கு முன்னாடி அலர்ஜி டெஸ்ட் எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? இதை சர்ஜன்கிட்ட கேக்கறதா மயக்க டாக்டர்கிட்டயா? கூகுள் பாத்துட்டு வந்துட்டான்னு நெனச்சுடுவாரோன்னுதான் தயக்கமா இருக்கு.