கைபேசியிலிருந்து கணினிக்கு வைஃபை வழியே அனுப்பும் கோப்புகள் பாதியில் நிற்கின்றன

கேள்வி

என் ஆண்ட்ராய்டு கைபேசியில் உள்ள படங்களையும் காணொளிகளையும் வீட்டு வைஃபை வழியாக விண்டோஸ் 11 மடிக்கணினிக்கு மாற்றச் சில வாரங்களாக முயன்று வருகிறேன். கைபேசியின் யூஎஸ்பி துளை பழுதடைந்து, சார்ஜ் மட்டும் ஏறுகிறது. கேபிளில் செருகினால் கணினி கைபேசியை அடையாளம் காண்பதே இல்லை. ஆகவே கம்பியில்லா வழியைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

இரண்டிலும் ஒரே கோப்புப் பகிர்வுச் செயலியை நிறுவியிருக்கிறேன். கணினியிலிருந்து கைபேசிக்கு அனுப்பினால் ஒழுங்காகச் சென்றுவிடுகிறது. கைபேசியிலிருந்து கணினிக்கு அனுப்பும்போதுதான் சிக்கல். கைபேசியின் பட்டியலில் கணினியின் பெயர் தெரிகிறது, ஆனால் அதைத் தொட்டால் சிறிது நேரம் சுழன்றுவிட்டு, இணைக்க முடியவில்லை என்று வருகிறது. கணினியின் ஃபயர்வாலை முழுவதும் அணைத்தால் கோப்புகள் போகத் தொடங்குகின்றன. அப்போதும் சிறிய படங்கள் ஓரளவு வந்து சேர்கின்றனவே தவிர, பெரிய கோப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன. ரௌட்டரையும் கைபேசியையும் பல முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டேன். வேறு எதைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1

நீங்கள் அறியாமலேயே பாதி ஆய்வை முடித்துவிட்டீர்கள். ஃபயர்வாலை அணைத்தவுடன் கோப்பு போகிறது என்றால் இரண்டு கருவிகளும் ஒரே பிணையத்தில் இருக்கின்றன, ரௌட்டர் அவற்றைப் பிரித்து வைக்கவில்லை, கைபேசியில் விபிஎன் (இணைப்பை வேறொரு சேவையகம் வழியே திருப்பிவிடும் செயலி) எதுவும் குறுக்கிடவில்லை என்ற மூன்றும் ஒரே அடியில் உறுதியாகிவிடுகின்றன. கணினியிலிருந்து கைபேசிக்குப் போவது ஏன் எப்போதும் சரியாக நடக்கிறது என்பதற்கும் இதுவே விடை. விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாக வெளியே செல்லும் இணைப்புகளை விட்டுவிடும். வெளியிலிருந்து உள்ளே வர முயலும் இணைப்புகளை, அனுமதி விதி இல்லாவிட்டால், தடுத்துவிடும்.

முதலில் அமைப்புகளில் உங்கள் வைஃபையின் பண்புகளைத் திறந்து, அந்தப் பிணையம் பப்ளிக் என்று குறிக்கப்பட்டிருந்தால் பிரைவேட் என்று மாற்றுங்கள். வீட்டுப் பிணையத்துக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். பொது இடத்து வைஃபைக்கு வேண்டாம்.

அதன் பிறகும் போகவில்லை என்றால், பலரும் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. செயலியை முதன்முதலாகத் திறந்தபோது, இதற்கு அனுமதி தரலாமா என்று ஃபயர்வால் ஒரு சிறு சாளரத்தில் கேட்டிருக்கும். அவசரத்தில் அதை ரத்து செய்துவிட்டால், விண்டோஸ் அதைப் பதில் சொல்லாமல் விட்டதாக எடுத்துக்கொள்வதில்லை. மறுப்பாகவே எடுத்துக்கொண்டு, அந்தச் செயலிக்கு, தரவை அனுப்பும் இரு முறைகளான டிசிபிக்கு ஒன்று, யூடிபிக்கு ஒன்று என வழக்கமாக இரண்டு தடை விதிகளை எழுதி வைத்துவிடுகிறது. தடை விதிக்கும் அனுமதி விதிக்கும் மோதல் வந்தால் தடை விதியே வெல்லும். அதனால் நீங்கள் பின்னர் எத்தனை அனுமதி விதிகளைச் சேர்த்தாலும் பயன் இராது. ஃபயர்வாலின் மேம்பட்ட அமைப்புகளில் உள்வரும் விதிகளின் பட்டியலைத் திறந்து, உங்கள் செயலியின் பெயரில் சிவப்புக் குறியுடன் இருப்பவற்றை நீக்குங்கள். மறுமுறை செயலியைத் திறக்கும்போது அதே கேள்வி மீண்டும் வந்தால், பிரைவேட் பிணையத்துக்கு அனுமதி கொடுங்கள்.

வாயில் எண்ணைக் (போர்ட், அதாவது ஒரு செயலி இணைப்பைப் பெறும் எண்) கொண்டு விதி எழுத விரும்பினால், கோப்புப் பகிர்வுச் செயலிகளில் லோக்கல்சென்ட் இயல்பாக 53317 என்ற எண்ணையும், கேடிஇ கனெக்ட் 1714 முதல் 1764 வரையிலான எண்களையும் பயன்படுத்துகின்றன. இரண்டிலும் டிசிபி, யூடிபி ஆகிய இரண்டையும் திறந்துவிட வேண்டும். மற்றச் செயலிகளின் எண் பெரும்பாலும் அவற்றின் அமைப்புகளிலேயே இருக்கும்.

ஃபயர்வாலை அணைத்தாலும் போகாத நிலையில் இருப்பவர்கள், கைபேசியிலிருந்து கணினியின் ஐபி முகவரிக்கு (பிணையத்தில் அதற்குரிய எண்) பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று ஒரு சிறு சோதனைச் செய்தி அனுப்பி, பார்க்கலாம். பதில் வராவிட்டால் ரௌட்டரைச் சந்தேகியுங்கள்.

பதில் 2

மேலே உள்ளவற்றில் கடைசிப் பத்தியில் மட்டும் நான் வேறுபடுகிறேன். ஃபயர்வாலை அணைத்திருக்கும்போது அந்தச் சோதனை செல்லும். ஆனால் பலர் அதை மீண்டும் இயக்கிய பிறகே பிங் செய்வார்கள். அப்போது விண்டோஸ் பல அமைப்புகளில் பிங்குக்குப் பதில் தருவதில்லை. பதில் வரவில்லை என்று ரௌட்டரைக் குறை கூறி, அதன் அமைப்புகளையெல்லாம் கலைத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்; அவர்களில் நானும் ஒருவன். சோதனையைத் திருப்பிச் செய்யுங்கள். கணினியிலிருந்து கைபேசியின் முகவரிக்குப் பிங் செய்தால், கைபேசியின் திரை எரிந்துகொண்டிருக்கும் வரை ஆண்ட்ராய்டு பொதுவாகப் பதில் தரும். அதுவும் வராவிட்டால்தான் ரௌட்டர் பக்கம் திரும்ப வேண்டும்.

அங்கே பார்க்க வேண்டியவை இரண்டு. விருந்தினர் வைஃபையில் ஒரு கருவி இருந்தால், அதிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி ரௌட்டர் பெரும்பாலும் தடுத்துவிடும். இதே தடை முதன்மை வைஃபையிலும் ஏபி ஐசொலேஷன் என்ற பெயரில் சில ரௌட்டர்களில் இயக்கத்தில் இருக்கும். இரண்டாவது, வீட்டில் இரண்டு ரௌட்டர்கள் இருப்பது. கைபேசியின் முகவரி 192.168.0 என்று தொடங்கி, கணினியின் முகவரி 192.168.1 என்று தொடங்கினால், வைஃபையின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும் அவை பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு பிணையங்களில் இருக்கின்றன. 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், அந்தக் கருவிக்கு ரௌட்டர் முகவரியே வழங்கவில்லை என்று பொருள்.

ஃபயர்வாலை நிரந்தரமாக அணைத்து வைக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கைவிடுங்கள். மடிக்கணினி வீட்டிலேயே இருப்பதில்லை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. உள்வரும் விதிகளின் பட்டியலில் என் செயலியின் பெயரில் சிவப்புக் குறியுடன் இரண்டு வரிகள் இருந்தன. ரத்து செய்ததாக எனக்கு நினைவே இல்லை, ஆனால் செய்திருக்கிறேன். அவற்றை நீக்கிப் பிணையத்தைப் பிரைவேட் என்று மாற்றிய பிறகு, ஃபயர்வால் இயங்கும்போதே கோப்புகள் போகின்றன.

பாதியில் நிற்பது மட்டும் தீரவில்லை. குறிப்பெடுத்துப் பார்த்ததில் ஒரு வேறுபாடு தெரிந்தது. ஏறத்தாழ 800 படங்களை ஒன்றாக அனுப்பினால் ஒருநாள் நூறாவது படத்திலும் இன்னொரு நாள் ஐந்நூறாவது படத்திலும் நிற்கிறது. ஆனால் 6.2 ஜிபி அளவுள்ள ஒரு காணொளி மட்டும் எப்போது அனுப்பினாலும் 64 அல்லது 65 விழுக்காட்டில்தான் நிற்கிறது. மடிக்கணினியில் இடம் குறைவு என்பதால், வரும் கோப்புகளை அதில் செருகியுள்ள ஒரு பென் டிரைவில் சேமிக்கும்படி வைத்திருக்கிறேன். அதில் 40 ஜிபிக்கு மேல் காலியாக இருக்கிறது.

பதில் 3

உங்கள் குறிப்பிலேயே விடை இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நிற்பதும், ஒரே இடத்தில் நிற்பதும் ஒரே நோயாக இருக்க வாய்ப்பில்லை.

6.2 ஜிபியில் 65 விழுக்காடு எவ்வளவு என்று கணக்கிடுங்கள்: ஏறத்தாழ 4 ஜிபி. ஃபேட்32 என்ற கோப்பு முறைமையில் ஒரு தனிக் கோப்பின் உச்ச அளவு 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. அந்த வட்டில் 40 ஜிபி காலியாக இருந்தாலும் 400 ஜிபி காலியாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. உங்கள் பென் டிரைவ் அந்த முறைமையில் இருக்க வேண்டும். அதன் பண்புகளைத் திறந்தால் பெயர் தெரியும். கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, எக்ஸ்ஃபேட் முறைமையில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். பென் டிரைவைத் தொலைக்காட்சியிலோ பழைய ஒலிக்கருவியிலோ செருகும் வழக்கம் இருந்தால், அவை எக்ஸ்ஃபேட்டைப் படிக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. கம்பியில்லாப் பரிமாற்றத்தைப் பழிக்க இங்கே எதுவுமில்லை. கேபிள் வழியே அனுப்பியிருந்தாலும் அதே இடத்தில்தான் நின்றிருக்கும்.

படங்கள் நிற்பது வேறு. அனுப்பத் தொடங்கியதும் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். ஆண்ட்ராய்டு 6 முதல் டோஸ் என்றோர் ஏற்பாடு உண்டு: சார்ஜரில் இல்லாமல், அசைவின்றி, திரை அணைந்து சிறிது நேரம் கிடக்கும் கைபேசியில், பின்னணியில் இயங்கும் செயலிகளின் பிணையப் பயன்பாட்டை அது நிறுத்தி வைக்கும். இதற்கு மேல் கைபேசித் தயாரிப்பாளர்கள் சேர்க்கும் பேட்டரிச் சேமிப்பு முறைகள் இன்னும் கடுமையாக நடந்துகொண்டு, செயலியையே மூடிவிடுவதும் உண்டு. நல்ல வேளையாக உங்கள் கைபேசியில் சார்ஜ் ஏறுகிறது. சார்ஜரில் செருகி, திரையை அணையவிடாமல் ஒருமுறை 800 படங்களையும் அனுப்பிப் பாருங்கள். முழுவதும் போய்ச் சேர்ந்தால் காரணம் உறுதி. அதன் பின் செயலியின் பேட்டரி அமைப்பில் கட்டுப்பாடு இல்லை என்பதைத் தேர்ந்தெடுங்கள். அனுப்பும் நேரத்தில் மடிக்கணினி உறக்கத்துக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஊகம் சரி, எழுந்து போய்விடுவதுதான் என் வழக்கம். சார்ஜரில் செருகி வைத்து அனுப்பியதில் 800 படங்களும் வந்து சேர்ந்தன. பென் டிரைவ் ஃபேட்32 முறைமையில்தான் இருந்தது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிய பிறகு காணொளியும் முழுமையாக வந்து, இயங்குகிறது.

ஒரே ஒரு மனக்குறை. வேகம் நொடிக்கு 2 எம்பியைத் தாண்டவில்லை. அந்தக் காணொளிக்கு ஏறத்தாழ 53 நிமிடங்கள் ஆயின. என் இணையத் திட்டத்தை உயர்த்தினால் வேகம் கூடுமா?

பதில் 2 எழுதியவர்

கூடாது. கோப்பு உங்கள் ரௌட்டரைத் தாண்டி வெளியே போவதே இல்லை. இணையத்தைத் துண்டித்துவிட்டாலும் இதே வேகத்தில்தான் போகும்.

இரண்டு கருவிகளும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அங்கே ஒற்றை அலைத்தொடரில் (ஒரே நேரத்தில் ஒரே தரவு ஓட்டம்), 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைஃபை 4 என்ற தரம் தரும் உச்ச இணைப்பு வேகம் நொடிக்கு 72 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அதை எட்டால் வகுத்தால் 9 எம்பி (மெகாபைட்); நடைமுறையில் கையில் கிடைப்பது அதில் ஏறத்தாழ பாதி. உங்கள் கோப்போ கைபேசியிலிருந்து ரௌட்டருக்கு ஒருமுறை, ரௌட்டரிலிருந்து மடிக்கணினிக்கு இன்னொரு முறை என ஒரே காற்றில் இரண்டு முறை பயணிக்கிறது. ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருக்க வேண்டும் என்பதால் அந்தப் பாதியும் பாதியாகிறது. 2 எம்பி என்பது வியப்பான எண்ணே அல்ல.

கைபேசியை 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றி, மடிக்கணினியை ரௌட்டருடன் கேபிளால் இணையுங்கள். கைபேசிக்குத்தான் கேபிள் இயலாது. மடிக்கணினிக்கு அந்தத் தடை இல்லையே.

கேள்வி கேட்டவர்

அப்படியே செய்தேன். வேகம் இப்போது நொடிக்கு 11 எம்பி. அதே காணொளி பத்து நிமிடங்களுக்குள் வந்துவிட்டது. ஆனால் 11-ஐத் தாண்டிச் சற்றும் அசையவில்லை.

பதில் 2 எழுதியவர்

அப்படி ஓரிடத்தில் ஆணி அடித்தாற்போல் நின்றால், அது 100 மெகாபிட் இணைப்பின் உச்சம். மடிக்கணினியில் ஈதர்நெட் இணைப்பின் வேகம் 100 என்று காட்டுகிறதா என்று பாருங்கள். மடிக்கணினியிலும் ரௌட்டரிலும் உள்ள கேபிள் துளைகள் இரண்டும் ஜிகாபிட் (1000 மெகாபிட்) வகை என்றால் கேபிளை மாற்றுங்கள். ஜிகாபிட்டுக்கு அதனுள் இருக்கும் நான்கு இணைக் கம்பிகளும் வேண்டும், அவற்றில் ஒன்று அறுந்திருந்தாலும் இணைப்பு 100-க்கு இறங்கிவிடக்கூடும்.

கேள்வி கேட்டவர்

100 என்றுதான் காட்டுகிறது. கேபிளின் ஒரு முனையில் பிடிப்பு உடைந்து, கம்பிகள் வெளியே தெரிகின்றன. பத்து நிமிடங்கள் எனக்குப் போதும் என்றாலும், புதிய கேபிள் கிடைத்ததும் அளந்து எழுதுகிறேன்.